ஆரக்கிள் தரவுத்தளம் – நிறையும் குறையும்

(பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு)

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் பெரியோர் வாக்கு. அளந்ததை எழுதி வைக்கவும், எழுதியதை வேண்டும்போது எடுத்துப் பார்க்கவும் முற்காலத்தில் ஓலையும், பிற்காலத்தில் பேரேடும் பயன்பட்டன. இக்காலத்தில் அவ்வேலையைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டுள்ளது. வங்கியில் நம் தந்தையார் போட்ட பணமும், இரயிலில் பதிவு செய்த இருக்கையும், மருத்துவமனையில் எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவும் எங்கோ ஒரு கணிப்பொறியில் அட்டவணை அட்டவணையாக அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அவ்வாறு அடுக்கிக் காக்கும் மென்பொருளுக்கே தரவுத்தளம் என்று பெயர்.

தரவுத்தளங்களில் இலவசமாகக் கிடைப்பவை உண்டு. விலை கொடுத்து வாங்க வேண்டியவையும் உண்டு. விலைக்கு விற்கப்படுபவற்றுள் பெயர் பெற்றது ஆரக்கிள். எங்களில் பலர் அடுத்த ஆண்டு மேல்நிலை வகுப்பில் கணிப்பொறி அறிவியல் எடுக்க எண்ணியுள்ளோம். ஆகவே மென்பொருள் எழுதுவோருக்கு இந்த ஆரக்கிள் எவ்வகையில் துணையாகும், எவ்வகையில் தொல்லையாகும் என்று அறிய விரும்பினோம். எங்கள் தோழி ஒருத்தியின் அண்ணன் பல ஆண்டுகளாக மென்பொருள் எழுதி வருபவர். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எங்களுக்குச் சலிக்காமல் விளக்கினார். அவர் கூறியவற்றையும், நாங்கள் படித்தறிந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் இது பிறந்த கதையைச் சற்று நோக்குவோம். மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பிய அப்பல்லோ திட்டத்தில், ஏவுகலத்தின் எண்ணற்ற உறுப்புகளுக்குக் கணக்கு வைக்க ஐ.பி.எம். நிறுவனம் ஒரு தரவுத்தளத்தை அமைத்துக் கொடுத்தது. அது மரத்தின் கிளைகளைப் போன்றது. ஒரு விவரம் வேண்டுமானால் எந்தக் கிளையில் ஏறி எந்தக் கொம்பில் இறங்க வேண்டும் என்று மென்பொருள் எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும். அதே ஐ.பி.எம். நிறுவனத்தில் எட்கர் காட் என்னும் கணித அறிஞர் பணியாற்றினார். இங்கிலாந்தில் பிறந்த இவர் இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்தவர். “தரவு எங்கே, எப்படி அடுக்கப்பட்டுள்ளது என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லை, எல்லாவற்றையும் அட்டவணைகளாக வைத்துவிட்டால் வேண்டியதைக் கேட்டுப் பெறலாம்” என்னும் கருத்தை 1970-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் வெளியிட்டார். அக்கருத்தைச் செயல்படுத்த ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் முயன்றபோது, அட்டவணையிடம் கேள்வி கேட்பதற்கென்று ஒரு மொழி உருவாயிற்று. இன்று அதனை எஸ்.க்யூ.எல். என்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், ஐ.பி.எம். தன் ஆய்வு முடிவுகளை ஒளிக்காமல் கட்டுரைகளாக வெளியிட்டதே தவிர, பொருளாக விற்பதில் அவசரம் காட்டவில்லை. 1977-ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தில் லாரி எல்லிசன், பாப் மைனர், எட் ஓட்ஸ் என்னும் மூவர் ஏறத்தாழ இரண்டாயிரம் டாலர் முதலுடன் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். அந்தக் கட்டுரைகளின் அடிப்படையில் ஒரு தரவுத்தளத்தைத் தாமே எழுதி 1979-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். ஐ.பி.எம். தன் சொந்தச் சரக்கைக் கடைக்குக் கொண்டுவந்தது 1981-இல்தான்! ஆரக்கிள் என்றால் அருள்வாக்கு என்று பொருள். அமெரிக்க உளவுத்துறைக்காக முன்பு நடந்த ஒரு திட்டத்தின் மறைபெயரையே தங்கள் படைப்புக்கும் சூட்டினர். முதன்முதலாக விற்றதற்கே ‘இரண்டாம் பதிப்பு’ என்று பெயரிட்டனர். முதற்பதிப்பு என்றால் வாங்குவோர் அஞ்சுவார்கள் அல்லவா? கெட்டிக்காரத்தனம்தான், ஆயினும் எங்களுக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை.

1983-இல் அதனை ‘சி’ மொழியில் மாற்றி எழுதினர். அதனால் பெரிய கணிப்பொறி, நடுத்தரக் கணிப்பொறி, சிறிய கணிப்பொறி எதுவாயினும் அதிலெல்லாம் ஆரக்கிள் ஓடலாயிற்று. ஒரு கணிப்பொறிக்கென்று எழுதிய மென்பொருளை இன்னொன்றுக்கு மாற்றுவது பெரும்பாடாக இருந்த அக்காலத்தில், இது பெரிய வசதி எனலாம்.

இனி இதன் சிறப்புகளைக் காண்போம். எல்லாவற்றினும் சிறந்தது, ஒரே நேரத்தில் பலர் படிக்கவும் எழுதவும் செய்தாலும் கணக்குக் குழம்பாமல் காப்பதே ஆகும்.

ஒரு பள்ளியில் கட்டணம் வாங்கும் நாளை நினைத்துக் கொள்வோம். அலுவலகத்தில் ஒருவர் காலை பதினொரு மணிக்கு அதுவரை வசூலான தொகையைக் கூட்டத் தொடங்குகிறார். ஆறாம் வகுப்பிலிருந்து வரிசையாகக் கூட்டிக்கொண்டு போகிறார். அவர் ஒன்பதாம் வகுப்பை அடைவதற்குள், தவறுதலாக ஆறாம் வகுப்புக் கணக்கில் எழுதப்பட்ட ஐந்நூறு ரூபாயைப் பக்கத்துச் சன்னலில் இருப்பவர் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மாற்றிவிடுகிறார். முதலாமவர் அந்த ஐந்நூறை ஆறாம் வகுப்பிலும் கூட்டியிருப்பார், பத்தாம் வகுப்பிலும் கூட்டுவார். பெட்டியில் இருப்பதோ ஐந்நூறு குறைவு. பழிக்கு ஆளாவது யார்?

இதைத் தவிர்க்க எளிய வழி, கூட்டி முடியும் வரை வேறு எவரும் ஏட்டைத் தொடக்கூடாது என்று பூட்டிவிடுவது. ஆனால் வெளியே பெற்றோர் வெயிலில் வரிசையில் நிற்பார்களே! ஆரக்கிள் வேறு வழியைக் கையாள்கிறது. ஒருவர் ஒரு வரியைத் திருத்தும்போது, திருத்துவதற்கு முன்பு அது எப்படி இருந்தது என்பதை வேறோர் இடத்தில் குறித்து வைத்துக்கொள்கிறது. பதினொரு மணிக்குக் கூட்டத் தொடங்கியவருக்கு, நடுவில் எது மாறினாலும் பதினொரு மணிக்கு இருந்தபடியே ஏட்டைக் காட்டுகிறது. படிப்பவர் எழுதுபவரைத் தடுப்பதில்லை. எழுதுபவர் படிப்பவரைத் தடுப்பதில்லை. 1984-இல் வந்த நான்காம் பதிப்பிலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. 1988-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து, திருத்துபவரும் தாம் திருத்தும் அந்த ஒரு வரியை மட்டுமே பூட்டி வைக்கிறார். அடுத்த வரியை அடுத்தவர் திருத்தலாம். பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் மென்பொருளை எழுதுவோருக்கு இதனினும் பெரிய ஆறுதல் இல்லை என்று அண்ணன் சொன்னார்.

(பழைய வரிகளை என்றென்றும் வைத்திருக்க இடம் போதாது. கூட்டல் பல மணி நேரம் நீண்டு, அதற்குள் பழைய குறிப்பின் மேல் புதிது எழுதப்பட்டுவிட்டால், “நீங்கள் கேட்கும் காட்சி பழையதாகிவிட்டது” என்று பிழை காட்டி நின்றுவிடும். தவறான தொகையைத் தருவதைவிட, தரமாட்டேன் என்பது நேர்மைதான்.)

அடுத்த சிறப்பு, மின்சாரம் நின்றாலும் கணக்கு நில்லாமை. இதனை விளக்க எங்கள் ஊர் மளிகைக் கடைக்காரரின் வழக்கமே போதும். அவர் பொருள் விற்றவுடன் சிட்டையில் ஒரு வரி எழுதிவிடுவார். இரவில் ஓய்வாக உட்கார்ந்து சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் அவரவர் பக்கத்தில் பதிவார். பேரேட்டில் பதிவதற்குள் மழை வந்து கடையை மூட நேர்ந்தாலும் சிட்டை இருக்கிறதே! ஆரக்கிளும் இவ்வாறே செய்கிறது. “இது முடிந்தது” என்று நாம் உறுதி செய்யும்போது, முதலில் அதன் சிட்டையைத்தான் வட்டில் எழுதுகிறது. எழுதி முடித்த பிறகே நமக்கு “சரி” என்கிறது. பேரேட்டில் பிறகு நிதானமாகப் பதிகிறது. நடுவில் மின்சாரம் போய்த் திரும்பினால் சிட்டையைப் படித்துப் பேரேட்டைத் தானே சரிசெய்து கொள்ளும். பாதியில் நின்ற வேலையை, தொடங்காதது போலவே நீக்கிவிடும். ஆகையால் ஒருவர் கணக்கில் பணம் கழிந்து மற்றவர் கணக்கில் ஏறாமல் நிற்கும் நிலை வராது. மின்வெட்டுக்குப் பழகிய நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

குறித்து வைத்த பழைய வரிகளைக் கொண்டு, “ஒரு மணி நேரத்திற்கு முன் இந்த அட்டவணை எப்படி இருந்தது?” என்று கேட்கும் வசதியும் 2001-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்டது. எதையோ அழிக்கப்போய் எதையோ அழித்துவிட்டவருக்கு இது எத்துணை உதவி!

மென்பொருள் எழுதுவோருக்கென்றே அமைந்தது பி.எல். எஸ்.க்யூ.எல். என்னும் மொழி. எஸ்.க்யூ.எல். மொழியில் கேள்வி கேட்கலாமே தவிர, “இப்படியானால் இதைச் செய், இல்லையேல் அதைச் செய்” என்று நீண்ட கட்டளைகளை எழுத இயலாது. அந்தக் குறையை இம்மொழி நீக்குகிறது. 1992-இல் வந்த ஏழாம் பதிப்பு முதல் அக்கட்டளைகளைத் தரவுத்தளத்திற்குள்ளேயே வைக்கலாம். ‘கட்டணம் கட்டாதவருக்கு ரசீது தராதே’ என்னும் விதியை உள்ளேயே எழுதி வைத்துவிட்டால், வெளியில் எத்தனை மென்பொருள்கள் வந்து கேட்டாலும் விதி ஒன்றே. இந்த மொழியைப் பற்றிப் பிறகு மீண்டும் பேச வேண்டியுள்ளது.

கற்போருக்கும் நல்ல வசதி உண்டு. விளக்க நூல்கள் அனைத்தும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. பயிற்சிக்கென்று ஒரு சிறு அலுவலகத்தின் அட்டவணைகளை அக்காலத்திலிருந்தே கொடுத்து வந்தனர். அதில் பதினான்கு ஊழியர்கள், நான்கு துறைகள். தலைவர் பெயர் கிங், சம்பளம் ஐயாயிரம். அந்தப் பயிற்சிக் கணக்கின் பெயர் ஸ்காட், கடவுச்சொல் டைகர். நிறுவனத்தின் தொடக்ககால ஊழியர் புரூஸ் ஸ்காட் என்பவரின் பெயரும், அவர் வீட்டுப் பூனையின் பெயருமாம்! உலகெங்கும் எத்தனையோ பேர் அந்தப் பூனையின் பெயரைத் தட்டெழுதித்தான் இத்தொழிலைக் கற்றனர். ஊரறிந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால் கதவைத் திறந்து வைத்ததற்கு ஒப்பாகும் என்பதால், பிற்காலப் பதிப்புகளில் அக்கணக்கைப் பூட்டியே கொடுத்தனர்.

இத்தனை சிறப்புடைய ஆரக்கிளில் குறைகளும் சிறியவை அல்ல. மென்பொருள் எழுதும்போது அன்றாடம் காலில் தைக்கும் முட்கள் சிலவற்றை முதலில் சொல்கிறோம்.

விண்ணப்பப் படிவத்தில் ‘தொலைபேசி எண்’ என்னும் கட்டத்தை நினைத்துக் கொள்வோம். ஒருவர் அதை நிரப்பவே இல்லை. அவருக்கு எண் உண்டா இல்லையா என்று நமக்குத் தெரியாது. இன்னொருவரைக் கேட்டோம், “என்னிடம் தொலைபேசி இல்லை” என்றார், ஆகவே வெற்றாக விட்டோம். ‘தெரியாது’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒன்றா? பிற தரவுத்தளங்களில் இவ்விரண்டையும் வேறுபடுத்தி எழுதலாம். ஆரக்கிளில் வெற்றெழுத்தை இட்டால் அதனையும் ‘தெரியாது’ என்றே கொள்ளும். அது மட்டுமன்று. ‘தெரியாத’ ஒன்றை எதனோடு ஒப்பிட்டாலும் ‘ஆம்’ என்னும் விடை வராது. ஆகவே, “தொலைபேசிக் கட்டம் வெற்றாக உள்ளவர் யார்?” என்று வெற்றெழுத்தோடு ஒப்பிட்டுக் கேட்டால், நூறு பேர் இருந்தாலும் ஒருவரும் இல்லை என்றே விடை வரும். இது தொடக்க காலத்தில் செய்த முடிவு. இனி மாற்றினால் பழைய மென்பொருள்கள் எல்லாம் குழம்பும் என்பதால் அப்படியே நிற்கிறது.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆரக்கிளில் ‘தேதி’ என்னும் வகைக்குள் மணி, நிமிடம், விநாடியும் அடங்கும். நூலகத்தில் ஜூலை 14 அன்று திரும்பி வந்த புத்தகங்கள் எவை என்று வெறும் தேதியைக் கொடுத்துக் கேட்டால், அன்று நள்ளிரவு சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் திரும்பியவற்றை மட்டுமே தேடும். நள்ளிரவில் நூலகத்திற்கு யார் வருவார்? நேரத்தை நீக்கிவிட்டு ஒப்பிடக் கற்றுக்கொள்ளும் வரை புதியவர் திண்டாட வேண்டும்.

‘ஆம், இல்லை’ என்னும் இரண்டே விடைகளைக் கொண்ட வகையை அட்டவணையில் வைக்கும் வசதி 2023-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. உலகப் பொதுத்தரத்தில் அது 1999-லேயே இடம் பெற்றிருந்தது! அதுவரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக, ஒருவர் 1, 0 என்றும், மற்றொருவர் ‘ஆ’, ‘இ’ என்றும் எழுதி வந்தனர். இல்லாத அட்டவணையைக் கேட்டால் “அட்டவணை இல்லை” என்று சொல்லுமே தவிர, எந்த அட்டவணை என்று சொல்லாத வழக்கமும் அப்படியே நெடுங்காலம் இருந்து, அண்மைப் பதிப்பில்தான் தீர்ந்தது. பத்து அட்டவணைகளின் பெயர் வரும் கேள்வியில் எது இல்லை என்று தேடுபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

நம் தமிழுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பெயர் எழுதும் கட்டத்திற்கு ‘முப்பது’ என்று அளவு கொடுத்தால், வழக்கமான அமைப்பில் ஆரக்கிள் அதை முப்பது பைட் என்று எடுத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். இக்காலத்தில் பெரிதும் பயன்படும் யூனிகோட் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வேண்டும். அதிலும் ‘கி’ என்பது நமக்கு ஓர் எழுத்து; கணிப்பொறிக்குக் ‘க’ ஒன்று, அதன் மேல் வரும் கொக்கி ஒன்று, ஆக இரண்டு குறிகள். கிறிஸ்டினா என்னும் பெயரில் நமக்கு ஐந்து எழுத்து. அதற்குப் பத்துக் குறி, முப்பது பைட். மயிரிழையில் தப்பினாள்! ஆரோக்கியமேரி என்றாலோ ஏழு எழுத்து, பன்னிரண்டு குறி, முப்பத்தாறு பைட். ஆங்கிலத்தில் பத்துப் பைட்டில் அடங்கும் அதே பெயரைத் தமிழில் எழுதினால், கட்டத்தில் கொள்ளாது என்று ஆரக்கிள் திருப்பி அனுப்பிவிடும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுச் சோதித்துப் பார்த்த மென்பொருள், தமிழ்ப் பெயர் வந்த அன்று நின்றுபோவது இதனால்தான். அளவு சொல்லும்போது ‘முப்பது பைட்’ என்று விடாமல் ‘முப்பது குறி’ என்று சேர்த்து எழுதினால் இத்தொல்லை தீரும். வழி இருக்கிறது, ஆனால் அறிந்து கேட்டால்தான் கிடைக்கும்.

அகர வரிசையும் அவ்வாறே. கனகா, கமலா இருவரில் வருகைப் பதிவேட்டில் யார் முதலில்? தமிழ் நெடுங்கணக்கில் ‘ன’ கடைசி எழுத்து. ஆகவே கமலாவே முதலில். ஆனால் யூனிகோட் எண்வரிசையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து, ‘ப’வுக்கு முன்னே உட்கார்ந்திருக்கிறது. அந்த எண்களை மட்டும் பார்த்து அடுக்கும் தரவுத்தளம் கனகாவை முன்னே நிறுத்திவிடும். மொழிக்கேற்ற வரிசையைத் தனியே கேட்டுப் பெறலாம். இது ஆரக்கிளுக்கு மட்டும் உரிய குறையன்று என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இவையெல்லாம் பழகிவிட்டால் கடக்கக் கூடியவை. கடக்க முடியாதது விலை.

ஆரக்கிளின் உயர்தரப் பதிப்புக்கு அந்நிறுவனத்தின் விலைப்பட்டியலில் நெடுநாளாக நிற்கும் தொகை, ஒரு பிராசசருக்கு 47,500 டாலர். பொதுவாகப் பயன்படும் இன்டெல் வகையில் இரண்டு கோர் சேர்ந்து ஒரு பிராசசர் என்று கணக்கு. பதினாறு கோர் உள்ள ஒரே ஒரு கணிப்பொறியை எடுத்துக்கொண்டு நாங்கள் கணக்குப் போட்டோம். எட்டுப் பிராசசருக்கு 3,80,000 டாலர். ஒரு டாலருக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மூன்று கோடியே நான்கு லட்சம் ரூபாய்! இது தவிர, பிழைதிருத்தமும் உதவியும் பெற ஆண்டுதோறும் வாங்கிய விலையில் நூற்றுக்கு 22 வீதம் கட்டவேண்டும். அது 83,600 டாலர். ஐந்தாண்டு கட்டினால் வாங்கிய விலையையே இன்னொரு முறை கொடுத்துத் தீர்ந்து, மேலும் பத்து விழுக்காடும் ஆகிவிடும். பேரம் பேசிக் குறைப்பதுண்டு என்றார் அண்ணன். ஆனால் பேரம் பேசும் வலிமை பெரிய நிறுவனத்திற்குத்தானே உண்டு? வசதிகள் குறைந்த சிறு பதிப்பு ஒன்று பட்டியலில் 17,500 டாலருக்கு உள்ளது. அதையும் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை வாங்குவது எளிதன்று.

உயர்தரப் பதிப்பை வாங்கிய பின்னும் செலவு முடிவதில்லை. தரவுத்தளம் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கண்டறிந்து அறிக்கை தரும் கருவி உள்ளேயே இருக்கிறது. அது திறந்தும் இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தத் தனிக்கட்டணம் உண்டு. பயன்படுத்தினால் அச்செய்தியும் உள்ளே பதிவாகிவிடும். பிறகு கணக்குப் பார்க்க வருவோர் அதைக் கண்டு பணம் கேட்கலாம். பந்தியில் உட்கார்ந்தவர் இலையில் பலகாரத்தை வைத்துவிட்டு, கை கழுவும்போது அதற்குத் தனியே காசு கேட்டால் எப்படி இருக்கும்? எழுதுபவர் அறியாமல் ஒரு கட்டளையை இயக்கியதால், அவர் பணிபுரியும் இடம் பெருந்தொகை கட்ட நேரும் என்றால், ஆர்வமாய்க் கற்கவும் கை கூசுமே.

இன்னொன்று எங்களுக்கு வியப்பளித்தது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் டிவிட் என்பவர் 1980-களின் தொடக்கத்தில் பல தரவுத்தளங்களின் வேகத்தை ஒப்பிட்டு முடிவுகளை வெளியிட்டார். அதில் ஆரக்கிள் நன்றாகச் செய்யவில்லை. அதன்பின், அனுமதியின்றி வேகச் சோதனையின் முடிவுகளை வெளியிடக்கூடாது என்னும் விதியைத் தன் உரிம ஒப்பந்தத்தில் ஆரக்கிள் சேர்த்தது. வேறு சில நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. அவ்விதிக்கு அப்பேராசிரியரின் பெயரே வழங்குகிறது. தன் மதிப்பெண்ணை அறிவிப்புப் பலகையில் போடக்கூடாது என்று மாணவியே தலைமையாசிரியைக்கு ஆணையிடுவது போன்றதல்லவா இது? ஆரக்கிள் உண்மையிலேயே வேகமானது என்றாலும், அதை நம்புவதற்கு நம்மிடம் ஒப்பீடு இல்லாமற் போகிறது.

“பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு வேறொன்றை வாங்கிக்கொள்ளலாமே?” என்று நாங்கள் கேட்டோம். அண்ணன் சிரித்துவிட்டு, “வாடகை வீடு மாத்துற மாதிரின்னு நெனச்சீங்களாம்மா? வீட்டுச் சுவரோட சேர்த்துக் கட்டுன அலமாரி அது. பேர்த்தா சுவரும் கூட வரும்” என்றார். முன்பு புகழ்ந்தோமே, அந்தப் பி.எல். எஸ்.க்யூ.எல். மொழிதான் சுவரையும் அலமாரியையும் சேர்த்துக் கட்டிய சுண்ணாம்பு. விதிகளையெல்லாம் தரவுத்தளத்திற்குள் அம்மொழியில் எழுதிவிட்டால், வேறு தரவுத்தளத்திற்கு மாறும் நாளில் அவ்வளவையும் திரும்ப எழுதவேண்டும். பத்தாண்டுக்கு முன் எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். ஒவ்வொரு விதியும் ஏன் எழுதப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. ஆக, எழுதுபவருக்கு மிக எளிதாக இருந்த அதுவே வாங்கியவரைக் கட்டிப்போடும் கயிறாகவும் ஆகிறது.

இது எவ்வளவு கடினம் என்பதற்கு அமேசான் நிறுவனமே சான்று. தன் கடை வியாபாரத்திற்கு ஆரக்கிளைப் பயன்படுத்தி வந்த அந்நிறுவனம், பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2019 அக்டோபரில் அதிலிருந்து விடுபட்டதாக அறிவித்தது. ஏறத்தாழ 7,500 தரவுத்தளங்கள். அவற்றில் 75 பெட்டாபைட் தரவு. ஒரு பெட்டாபைட் என்பது பத்து லட்சம் ஜிகாபைட். அப்போதும், ஆரக்கிளோடு பிணைந்துவிட்ட, வெளியார் எழுதிய சில மென்பொருள்களை மாற்ற இயலாமல் விட்டுவைத்தது. செலவு அறுபது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது என்றும் கூறியது. அமேசானும் தரவுத்தளச் சேவை விற்கும் போட்டியாளர் என்பதால் அச்சொல்லைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயினும், அத்தனை பொறியாளர்களைக் கொண்ட நிறுவனத்திற்கே அவ்வளவு காலம் பிடித்தது என்பதை மறுப்பதற்கில்லை.

விலையின்றிக் கிடைப்பவற்றில் போஸ்ட்கிரெஸ் என்பது சிறந்தது என்கின்றனர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் என்னும் பேராசிரியரின் தலைமையில் தொடங்கிய வேலை அது. இன்று அதற்குத் தனி உரிமையாளர் என்று ஒரு நிறுவனம் இல்லை. பல நாட்டவரும் சேர்ந்து வளர்க்கின்றனர். ஆரக்கிளின் தலைசிறந்த குணமாகிய, படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரையொருவர் தடுக்காத ஏற்பாடு அதிலும் உண்டு. வெற்றெழுத்தையும் ‘தெரியாது’ என்பதையும் அது குழப்புவதில்லை. மைஎஸ்க்யூஎல் என்னும் மற்றோர் இலவசத் தரவுத்தளமும் பெயர் பெற்றது. சன் நிறுவனத்தை வாங்கியபோது கூடவே வந்ததால், 2010 முதல் அதுவும் ஆரக்கிளின் கையில்தான் உள்ளது!

அப்படியானால் ஆரக்கிளை யார் வாங்குவது? ஒரு நிமிடம் நின்றாலும் பெருநட்டம் என்னும் நிலையில் உள்ள பெரிய வங்கிகளும், தொலைபேசி நிறுவனங்களும் வாங்கலாம். பல கணிப்பொறிகளைச் சேர்த்து ஒன்றுபோல் ஓட்டி, ஒன்று பழுதானால் மற்றொன்று தாங்கும் ஏற்பாடு அதில் நன்கு தேர்ந்தது. அவர்களுக்கு நட்டத்தோடு ஒப்பிட விலை பெரிதன்று. சிறிய மருத்துவமனைக்கோ, பண்டகசாலைக்கோ மென்பொருள் எழுதிக் கொடுப்பவர், இலவசமான ஒன்றில் தொடங்குவதே முறை என்பது எங்கள் எண்ணம். மென்பொருள் எழுதுபவர் ஓராண்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஆண்டுதோறும் நூற்றுக்கு 22 வீதம் கட்டப்போவது அவரல்லர்.

கற்றுக்கொள்ள விரும்பும் தோழியர் தயங்க வேண்டியதில்லை. எழுதவும் சோதிக்கவும் மட்டும் என்றால் ஆரக்கிளைப் பணமின்றி இறக்கிக்கொள்ள அந்நிறுவனமே அனுமதிக்கிறது. உண்மையான வேலைக்குப் பயன்படுத்தும் நாளில்தான் கட்டணம். எல்லாவற்றிற்கும் இலவசமான சிறுபதிப்பு ஒன்றும் உண்டு. அதில் 12 ஜிகாபைட் தரவு வரை வைக்கலாம். 2 ஜிகாபைட் நினைவகத்திற்கு மேல் எடுத்துக்கொள்ளாது. உதவிச் சேவை கிடையாது. ஒரு மாணவியின் விவரத்திற்கு ஆயிரம் பைட் என்று வைத்துக் கணக்கிட்டோம். ஏறத்தாழ ஒரு கோடியே இருபது லட்சம் மாணவியரின் விவரம் அடங்கும். ஒரு பள்ளிக்கு அது போதும். பெயருக்குரிய கட்டத்தை மட்டும் பைட்டில் அளக்காமல் குறியில் அளந்துவிட்டால், ஆரோக்கியமேரிக்கும் அதில் இடம் கிடைத்துவிடும்.